நன்றியுரை சொல்லும் பொறுப்பு

1

எங்கள் கிளப்புக்கு ஆண்டு விழா வருகிறது. மலர் போடுகிறார்கள். செயலாளர் ராஜு நேற்றுச் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். இன்சூரன்ஸ் ஏஜெண்டு என்பதால் வாசலில் நின்று பேசி அனுப்ப முடியாத மனிதர்.

"மாஸ்டர், மறக்க முடியாத விருந்தினர் பேச்சாளர்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல ஒங்கள விட்டா நம்ம கிளப்புல யாரு இருக்கா?"

கூடவே அட்டைப்படத்துக்குத் தேர்ந்தெடுத்த புகைப்படத்தையும் காட்டினார். அதில் நான் ஒரு மனிதருக்குப் போர்வை கொடுக்கிறேன். இரண்டு பேரும் கேமராவைப் பார்க்கிறோம். "நல்லா விழுந்திருக்குலா," என்றார் ராஜு. என் மனைவி அஞ்சலை காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

மலருக்கு ஒரு பல் டாக்டரைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒரு தடவை அவர் பிளாஸ்டர் பற்களைக் கொண்டுவந்து எங்களுக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். சபையில் பாதிப் பேருக்குக் கட்டிய பல். அதை இங்கிலீஷில் எழுதினால் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் நான் மறக்க முடியாத பேச்சாளர் அவரல்ல. அது வேறொருவர். அவரைப் பற்றி இந்த ஊரில் யாரிடமும் பேச எனக்கு மனமில்லை. அதனால் கடல் தாண்டித் தமிழ்நாட்டில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒப்பந்த ஆசிரியனாகக் மலாயாவில் கோலசிலாங்கூருக்கு வந்தேன். இங்கிலீஷ் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்க ஆள் இல்லை என்று கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் நான் போகவில்லை. அதற்குக் காரணம் அஞ்சலை.

கிளப் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்திலும் மில் முதலாளிகளும் டாக்டர்களும் சேர்ந்து கண் சிகிச்சை முகாம் நடத்திவிட்டு ரிப்பன் வெட்டுகிற படத்தைப் பேப்பரில் போட்டுக்கொள்வார்களே, அதேதான். இங்கே முதலாளிகள் கொஞ்சம் சின்னவர்கள். தலைவர் லிம்முக்கு ஹார்ட்வேர் கடை. மற்றவர்கள் வங்கி மானேஜர், டாக்டர், இரண்டு வக்கீல்கள், ஒரு மண் லோரி முதலாளி. பிறகு நான்.

செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம் குன்றின் மேலுள்ள ரெஸ்ட் ஹவுஸில் கூடுவோம். சாம்பல் நிறக் குரங்குகள் வராந்தா கம்பியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கும். தலைவர் சின்னச் சுத்தியலால் மணியைத் தட்டினால் கூட்டம் தொடங்கியது என்று அர்த்தம். எழுந்து நின்று உறுதிமொழி சொல்வோம். பிறகு மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ், கோழி, பப்பாளித் துண்டு. அதற்குப் பிறகு அபராதம். சட்டையில் சின்னம் குத்த மறந்தவனுக்கு அபராதம், கல்யாண நாள் வந்தவனுக்கு அபராதம், பேப்பரில் படம் வந்தவனுக்கும் அபராதம். அப்போதெல்லாம் அபராதம் போடுகிற வேலை ராஜுவுடையது. தகர டப்பாவை ஆட்டிக்கொண்டு மேசை மேசையாக வருவார். பெரிய மனிதர்கள் குழந்தைகளைப் போலக் கெக்கலித்துச் சிரிக்கிற நேரம் அது.

அதன் பிறகு விருந்தினர் பேசுவார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்தான் எங்கள் விருந்தினர். தீயணைப்பு அதிகாரி வந்தார், ஜப்பான் சுற்றுலா போய்வந்தவர் வந்தார். ஒரு வாரம் யாரும் கிடைக்காமல் ராஜுவே இன்சூரன்ஸ் பற்றிப் பேசினார். அன்று கதவோரத்து நாற்காலிகளுக்குப் பெரிய போட்டி.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம், அது முடிந்ததும் நன்றியுரை, நினைவுப் பலகை, மணி. நன்றியுரை என்னுடையது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கொடுத்தார்கள், திரும்ப வாங்கவே இல்லை. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பேச்சிலிருந்து இரண்டு மூன்று விஷயத்தை எடுத்துப் புகழ வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, மறுத்துப் பேசவும் கூடாது. நன்றி சொல்பவனுக்கு அபிப்பிராயம் கிடையாது.

3

இந்த வித்தையை நான் இங்கிலாந்துக்காரனிடம் கற்கவில்லை. எங்கள் ஊர் வாசகசாலையில் கற்றேன். ஆண்டு விழாவில் தலைவர் பேசி, சிறப்புப் பேச்சாளர் பேசி, பரிசு கொடுத்து எல்லாம் முடிந்தபின் நன்றியுரைக்கு என்னை ஏற்றுவார்கள். அதற்குள் கூட்டம் எழுந்து செருப்பைத் தேடும். மைக் செட்டுக்காரன் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்திருப்பான். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் பந்தல் போட்டவர், சோடா வாங்கிக் கொடுத்தவர் வரைக்கும் ஒருவர் பெயரும் விடாமல் சொல்லுவேன். ஊரில் யாரும் கேட்காத அந்தப் பேச்சை இங்கே முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அதில் நான் மயங்கித்தான் போனேன்.

மயங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பாடமொழி மலாய்க்கு மாறிவிட்டது. அது அவர்கள் நாடு, அவர்கள் மொழி, குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் இங்கிலீஷில் ஓகோவென்று பாடம் நடத்தியவன், காற்றழுத்தம் என்று மலாயில் சொல்ல வாயைத் திறந்தால் பிள்ளைகள் மேசைக்கடியில் குனிந்து சிரிக்கிறார்கள். நான் வகுப்பெடுத்த பையனே மாவட்ட அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, குடியுரிமை இல்லாதவனுக்குத் தருகிற என் சிவப்பு அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்து, "சிக்கு எப்போது மலேசியா வந்தீர்கள்?" என்று மலாயில் கேட்கிறான். சிக்கு என்றால் வாத்தியார். மரியாதையாகத்தான் கேட்கிறான். குடியுரிமைக்கு எழுதிப் போட்டது என்னவாயிற்று என்றால் மேலே போயிருக்கிறது என்கிறான். மேலே போனது போனதுதான்.

வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் மட்டும் என் இங்கிலீஷுக்கு மரியாதை இருந்தது. அதை விட எனக்கு மனசு வரவில்லை.

4

அஞ்சலை புக்கிட் ரோத்தானுக்கு உட்புறம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அங்கே மண்டோர், ஆட்களை வேலைக்கு அனுப்பி மேற்பார்வை பார்ப்பவர். லயத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வரிசை வீடு. வாத்தியார் மாப்பிள்ளை என்று என்னை அவர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கோவில்பட்டியில் என் வீட்டார் தோட்டத்துப் பெண் என்று கேட்டதும் கடிதம் போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அவளுடைய அண்ணன் கோவிந்தன். என்னை மாப்ள என்று கூப்பிடுவார், நான் மச்சான் என்பேன். முதலில் பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார், பிறகு மரங்களை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டதும் குலை வெட்டினார். அதே தோட்டத்தில் பிறந்து அதே தோட்டத்தில் உழைத்தவருக்கும் என்னைப் போலச் சிவப்பு அட்டைதான். பிறந்தபோது யாரும் பதிவு செய்யவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி பார்த்துக்கொள்வார் என்று விட்டிருக்கிறார்கள். கிராணி பார்க்கவில்லை.

எங்களுக்கு ஒரே பையன், சேகர். பள்ளி விடுமுறை விட்டால் மாமா வீடுதான் அவனுக்கு. கோவிந்தன் சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி அவனை உட்கார வைத்துக் கூட்டிப்போவார். லயத்து மாரியம்மன் கோயிலில்தான் மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தும்போது அவன் வலி தாங்காமல் மாமாவின் கையைக் கடித்துவிட்டான். கோவிந்தன் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. கடிக்கட்டும் கடிக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

பையன் வளர வளரத் தமிழ் தேய்ந்தது. கோலாலம்பூருக்குப் படிக்கப் போனான், அங்கேயே நிலம் வாங்கி வீடு கட்டி விற்கும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. குடிமகனுக்குரிய நீல அட்டை, கார், கழுத்துப்பட்டை. தாயிடம் பேசும்போது பாதி வாக்கியத்தில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவான். அவள் மீதியை முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

5

மறக்க முடியாத அந்தப் பேச்சு நடந்த வருடம், பேச்சாளர் பிடிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு செவ்வாய்க்கு என் பையனையே கூப்பிட்டேன். 'நாளைய கோலசிலாங்கூர்' என்று தலைப்புக் கொடுத்தான். ஊர் வளர்ச்சி பற்றி எதையாவது பொதுவாகப் பேசுவான் என்று நினைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அது மாதக் கடைசிச் செவ்வாய். மனைவிமாரும் வருகிற நாள். அஞ்சலை பொதுவாக இந்தக் கூட்டத்துக்கு வரமாட்டாள். எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரிக்க வேண்டியிருக்கிறது என்பாள். அன்று பகலிலேயே உடுத்தித் தயாராகிவிட்டாள். தீபாவளிக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலை.

விளக்கை அணைத்தார்கள். சேகர் சுவரில் ஸ்லைடு காட்டிப் பேசினான். கலங்கரை விளக்கம், ஆற்றுப் பாலம், புதிய சாலை வரப்போகிற வழி. நல்ல இங்கிலீஷ். என்னைவிட நல்ல இங்கிலீஷ். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அடுத்து வந்தது ஒரு லயம்.

"ஏங்க!" என்று அஞ்சலை என் கையைப் பிடித்தாள். "எங்க லயம்ங்க! அதோ தண்ணிப் பைப்பு. கடேசி வீடு அண்ணன் வீடு, பாருங்க, அண்ணியோட சட்டி வெளிய காயுது!" பக்கத்திலிருந்த டாக்டர் மனைவியிடம் திரும்பி, "மை பிரதர், மை பிரதர் ஹவுஸ்," என்றாள். அந்த அம்மாள் புன்னகைத்தாள். அஞ்சலையின் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் மகன் தன் பிறந்த வீட்டைக் காட்டுகிறானே என்ற பூரிப்பு.

சேகர் பேசிக்கொண்டிருந்தது வேறு. இந்தக் கட்டடங்களின் ஆயுள் முடிந்துவிட்டது, இப்போது தங்கியிருப்பவர்களுக்கு அறிவிப்புக் கொடுக்கப்படும், நிலம் காலியாகக் கைக்கு வந்ததும் வேலை தொடங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த ஸ்லைடில் அதே இடத்தில் வண்ண வண்ணமாகக் கடை வரிசையும் மாடி வீடும். கோயில் இருந்த இடத்தில் கார் நிறுத்தம். அஞ்சலை அதையும் பார்த்து, "அழகா இருக்குல்ல?" என்றாள்.

கேள்வி நேரம் வந்தது. கடைக்கு எப்போது முன்பதிவு என்றார் டாக்டர். செங்கல் எங்கே வாங்குவீர்கள் என்று லிம் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மண் யார் ஏற்றுவது என்று லோரி முதலாளி கேட்டார். தங்கியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க உரிமையில்லை. நன்றி சொல்பவன் கேள்வி கேட்கக் கூடாது.

எழுந்தேன். வழக்கமான முதல் வாக்கியத்தைச் சொன்னேன். பேச்சாளரின் தெளிவைப் பாராட்டினேன். நாக்கு தானாக ஓடியது. அப்போது அஞ்சலையைப் பார்த்தேன். நான் முடித்ததும் தட்டுவதற்காக இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை.

"அஞ்சல, நம்ம பையன் என்ன சொன்னான்னு கேளு," என்றேன் தமிழில். "நீ பொறந்த லயத்த ஒடச்சிட்டுத்தான் இந்தக் கடையெல்லாம் கட்டப் போறாங்களாம். ஒங்க அண்ணனுக்கு வெளியே போன்னு நோட்டீஸ் வருமாம். கோயிலு இருந்த எடத்துல கார் நிக்குமாம். அத்தன பேருக்கும் அதுல ரொம்ப சந்தோஷம். அதுக்குத்தான் நான் நன்றி சொல்லிக்கிட்டிருக்கேன்."

தமிழ் தெரியாதவர்கள் நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று கை தட்டினார்கள். தமிழ் தெரிந்த ராஜு மட்டும் தகர டப்பாவை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அஞ்சலை எழுந்தாள். தூக்கிய கை அப்படியே இருந்தது.

"சேகரு, யாரு மடியிலடா ஒன்ன ஒக்கார வச்சிக் காது குத்துனோம்?"

அவன் கை காதுக்குப் போனது. தோடு போட்ட துளை தூர்ந்து எத்தனையோ நாளாகிறது. "மா, சிட் டவுன்மா. ப்ளீஸ். பெறகு பேசலாம்," என்றான், மெல்லிய குரலில், வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

லிம் ஏதோ சரியில்லை என்று உணர்ந்திருக்க வேண்டும். நினைவுப் பலகையை அவசரமாகச் சேகர் கையில் திணித்துவிட்டு மணியைத் தட்டினார். மணி அடித்தால் கூட்டம் முடிந்தது. படியிறங்கும்போது வங்கி மானேஜர் என் தோளைத் தட்டி, சபையில் வீட்டு விவகாரம் பேசியதற்கு அடுத்த வாரம் உமக்கு அபராதம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த வாரம் நானும் கட்டினேன்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதும் அஞ்சலை, "பிள்ளைய நான் அத்தன பேரு முன்னால அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, "நீங்களும் என்கிட்ட வீட்ல வந்து சொல்லியிருக்கலாம்," என்றாள்.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேகர் வந்தான். "அப்பா, ஆளுங்கள காலி பண்ணுறது என் டிபார்ட்மெண்ட் இல்லலா. நான் லேஅவுட் மட்டுந்தான் பாக்குறேன். நான் இல்லன்னா வேறொருத்தன் போடுவான்." அது உண்மைதான். அவன் பொய் சொல்கிற பையன் இல்லை. பிறகு கம்பெனியில் வாதாடி, கோயிலுக்குக் கால்வாய் ஓரமாக ஒரு மூலையை ஒதுக்கவைத்தான். "அதுக்கே நான் எவ்வளவு ஃபைட் பண்ணேன் தெரியுமா?" என்றான். தெரியும். வாழ்நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நன்றி சொன்ன எனக்கு, அந்த ஒரு மூலைக்காக அவனுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதன் பிறகு அவன் வருவது குறைந்துபோனது. அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணுகிறான்.

நோட்டீஸ் வந்தது. மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட நானே கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகம் போனேன். நீல அட்டைக்காரர்களுக்குத்தான் வீடு என்றான் கவுண்டரில் இருந்த அதே பழைய மாணவன். இரண்டு சிவப்பு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். வெளியே வந்ததும் கோவிந்தன், "பரவால்ல மாப்ள, தம்பிகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காதீங்க. வேலைக்குப் போற பிள்ள, மனசு சங்கடப்படும்," என்றார். தம்பி என்றது சேகரை.

லயத்தை உடைத்தார்கள். போக இடமில்லாதவர்களை புக்கிட் ரோத்தானுக்கு வெளியே பலகையில் அடித்த நீள வரிசை வீடுகளில் கொண்டு வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். எங்களோடு வந்து இருங்கள் என்று அஞ்சலை அழுது பார்த்தாள். தங்கச்சி புருஷன் வீட்டில் நான் எப்படி வந்து குந்துவது என்று கோவிந்தன் கேட்டுவிட்டார்.

மழைக்காலத்தில் அந்தப் பலகை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. பேப்பரில் செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை கிளப்பில் பேசி, ஆளுக்கொரு போர்வை கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். கொடுத்தவர்களில் ஹார்ட்வேர் கடை உண்டு, மண் லோரி உண்டு. அந்த நிலத்தில் வேலை எடுத்து அவர்களுக்கு நல்ல வருடம். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போகாவிட்டால் மச்சானைப் பார்க்க வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டேன் என்று ஆகிவிடும் என்று போனேன். போனது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சேற்றில் பலகை போட்டு, அதற்குப் பின்னால் எங்கள் கிளப் பதாகையை விரித்துக் கட்டியிருந்தார்கள். வரிசையாக வந்தார்கள். போர்வையை எடுத்துக் கொடுக்கக் கொடுக்கக் கேமரா மின்னியது. தலையை நிமிர்த்தினால் எதிரே கோவிந்தன். சட்டையில் மேல் பொத்தான் வரை போட்டு, தலை வாரி வந்திருந்தார். நான் மச்சான் என்று வாயெடுத்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். கேமராக்காரர் இங்கே பாருங்கள் என்றதும் இருவரும் அந்தப் பக்கம் திரும்பினோம். அதுதான் ராஜு கொண்டுவந்த படம்.

மழையில் நனைந்துகொண்டே லிம் அவரிடம் மைக்கை நீட்டி, இந்த மக்கள் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். கோவிந்தன் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கள் சின்னத்தைக் குத்தியிருந்த என் சட்டையைப் பார்த்துப் பேசினார்.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வந்திருக்கிற பெரியவங்களுக்கு நன்றி. இந்த சாருக்கும் நன்றி."

மாப்ள என்று கூப்பிட்டிருந்தால் சபைக்கு முன்னால் எனக்குத்தான் தலைகுனிவு என்று அவர் நினைத்திருக்கிறார். கல்யாணத்தன்று என் காலைக் கழுவிய மனிதர்.

லிம் என் பக்கம் குனிந்து, அவர் என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நன்றி சொல்கிறார்," என்றேன்.

"நல்லது, நல்லது," என்று சொல்லிவிட்டு லிம் கை தட்டினார்.